தொடாத கட்டம்

பத்து நாளாக யாருக்கும் விவாகரத்து ஆகவில்லை. கணவனை இழந்த பெண் ஒருத்திகூட இல்லை, மனைவியை இழந்த ஆண் ஒருவரும் இல்லை. கனகம் திருமணத் தகவல் மையத்தின் புது வெப்சைட்டில் வந்து பதிவு செய்தவர்கள் அத்தனை பேரும் முதல் கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்கள். ஐம்பத்தெட்டு வயசு ரிடையர்டு தாசில்தார் ஒருவரும் அதில் அடக்கம். ‘பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில்’ என்று அந்த மனுஷர் கீழே வெகுளியாகக் குறிப்பு வேறு எழுதியிருந்தார்.

ரத்னா மானிட்டரைப் பார்த்துச் சிரிக்கத்தான் நினைத்தாள். சிரிப்பு வரவில்லை.

தி. நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்பக்கச் சந்தில், நகைக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது ஆபீஸ். அவளுடைய அண்ணன் கனகராஜ் பதினைந்து வருஷமாக ஜாதகம் வாங்கி ஜாதகம் கொடுக்கிற இடம். புரோக்கர் என்று யாராவது சொல்லிவிட்டால் அவனுக்கு முகம் சுருங்கிவிடும். கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிக்கொண்டு, கைக்குழந்தையாக இருந்த ஸ்நேஹாவோடு ரத்னா பிறந்த வீட்டுக்குத் திரும்பியபோது, வாசலில் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டவன் அவன்தான். கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பியவனும் அவன்தான். ஸ்நேஹா இப்போது ஒண்ணாம் வகுப்பு. ஊரில் பாதிப் பேர் இன்டர்நெட் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தொண்ணூற்றொன்பதில், ரத்னா அண்ணனுக்காக ஒரு வெப்சைட்டையே எழுதிக் கொடுத்திருந்தாள்.

சண்டை இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. திங்கட்கிழமை பம்பாயிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். எத்தனை வரன் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முதல் போடுவார்கள். வெப்சைட்டிலோ வருகிறவர்கள் பாதி ஃபாரத்தில் ஓடிப்போய்விடுகிறார்கள். கேள்விகளைத் தளர்த்து என்றான் கனகராஜ். உயரம், சம்பளம், ராசி எதை வேண்டுமானாலும் தளர்த்துகிறேன் என்றாள் ரத்னா. ஒன்றே ஒன்றில்தான் அவள் பிடிவாதமாக நின்றாள்.

‘இதற்கு முன் திருமணம் ஆனதா?’ என்ற கேள்விக்கு நேரே ஒரு கட்டம். அதை அவள் வெறுமையாக விட்டிருந்தாள். ஆகவில்லை, விவாகரத்து, துணையை இழந்தவர்: மூன்றில் ஒன்றை வந்தவரே தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடாவிட்டால் பக்கம் நகராது. அந்தக் கட்டத்தில் ‘ஆகவில்லை’ என்று நாமே முன்கூட்டிப் போட்டுவைப்போம், வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்பது அண்ணனுடைய யோசனை. அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் கனகராஜ் வாயை மூடிக்கொண்டு கீழே காப்பி குடிக்கப் போய்விட்டான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள் பைத்தியக்காரி.

இப்போது அவளே ஒரு வரனைப் பதிவு செய்து பார்த்தாள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று புள்ளி வைத்தாள். பிறந்த வருஷம் 1899. டெலிபோன் நம்பருக்கு ‘வெங்காயம்’ என்று அடித்தாள். மற்ற எதையும் தொடாமல் பட்டனை அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. வாழ்த்துகள், உங்களுக்கேற்ற துணை விரைவில் அமையும் என்றது. நூறு வயசு மூன்று புள்ளிக்காரரும் கல்யாணம் ஆகாதவராகப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“யாசிர்” என்று கூப்பிட்டாள். கோபம் வந்தால் ரத்னாவுக்குக் குரல் இறங்கும். அது தெரிந்தவன் என்பதால், வெப்சைட் வேலையில் அவளுக்கு உதவியாக இருந்த யாசிர் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

அவன் எதையும் மறைக்கவில்லை. சார் சொன்னார், எடுத்துவிட்டேன் என்றான். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று ஃபாரத்தில் இருந்த சோதனையை எடுத்தது அவளுக்கும் புரிந்தது. அது வந்தவருக்கு ஒரு மரியாதைக்கு, இதை விட்டுவிட்டீர்களே என்று எடுத்துச் சொல்வதற்கு. அதை ஏமாற்றிவிட்டு வருகிறவர்கள் இருப்பார்கள் என்றுதான், தியேட்டரில் கவுன்ட்டரைத் தாண்டினாலும் உள்ளே டிக்கெட்டைக் கிழிக்க ஒருவர் நிற்கிற மாதிரி, பதிவுகளைச் சேர்த்துவைக்கிற சர்வரிலும் அதே சோதனையை இன்னொரு தடவை வைத்திருந்தாள். அதுவும் இல்லை. வரிகளை அழிக்கக்கூட இல்லை. கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகும்படி ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குறியைப் போட்டுத் தூங்க வைத்திருந்தார்கள். கட்டத்தில் மட்டும் ‘ஆகவில்லை’ என்று விழித்துக்கொண்டு நின்றது.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?”

“உங்ககிட்ட பேசிட்டேன்னு சார் சொன்னாரு மேடம். உங்க வரனையே அவர் அப்படித்தான் போட்டாரு. அதனால நீங்களும் ஒத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன்.”

ரத்னாவுக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. எந்த வரன் என்று கேட்டாள்.

யாசிர் தயங்கிக்கொண்டே மவுஸை வாங்கி, ஒரு பக்கத்தைத் திறந்தான். நெட் மெதுவாக இருந்தது. படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் அவளுடைய வகிடு, பிறகு நெற்றி, பிறகு சிரிப்பு. ஸ்நேஹாவின் பிறந்தநாளுக்கு மாட வீதி ஸ்டூடியோவில் எடுத்த படம். அதில் ஸ்நேஹா பின்னாலிருந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பாள். ஸ்கேன் செய்தவர்கள் குழந்தையை வெட்டிவிட்டிருந்தார்கள். ரத்னாவின் தோளில் நாலு சின்ன விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன.

திருமணம்: ஆகவில்லை. குழந்தைகள்: இல்லை. முதல் கட்டம் ‘ஆகவில்லை’ என்றால் இரண்டாவது தானாகவே விழுந்துவிடும்.

“இன்னைக்கு சாயங்காலம் அடையாறுலேர்ந்து ஒருத்தர் பொண்ணு பார்க்க வர்றாராமே மேடம். சாய்நாத்னு பேரு, எக்ஸ்ரே லேப் வெச்சிருக்காரு. இதைப் பார்த்துட்டுத்தான் எழுதியிருந்தாரு” என்றான் யாசிர். “உங்களுக்கு இதுவும் தெரியாதா?”

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஆட்டோ பனகல் பார்க்கைத் தாண்டும்வரை அவளால் யோசிக்கவே முடியவில்லை. உடம்பு பூராவும் ஒரே எரிச்சல். காலையில் அண்ணி வசுமதி, இன்றைக்குச் சனிக்கிழமை, சீக்கிரம் வந்துவிடு, சும்மா நாலு பேர் வருகிறார்கள், அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொள் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அண்ணனுடைய தொழில்காரர்கள் யாரோ என்று இவளும் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள். தலையாட்டிய அந்தக் கழுத்தைத் திருகிப் போட வேண்டும்போல இருந்தது.

மயிலாப்பூர் வீட்டில் நுழைந்ததும் கேசரி வாசனை. கூடத்தைத் துடைத்து, நாற்காலிகளுக்கு உறை மாற்றியிருந்தார்கள். டி.வி.க்குப் பக்கத்துச் சுவரில் ஸ்நேஹா வரைந்து ஒட்டியிருந்த யானை இல்லை, கப்பல் இல்லை, அம்மாவும் தானும் கைகோத்து நிற்கிற படமும் இல்லை. செல்லோடேப்பைப் பிய்த்த இடத்தில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. அங்கே இப்போது ஒரு காலண்டர் தொங்கியது. கொடியில் யூனிஃபார்ம் இல்லை. வாசலில் சின்னச் செருப்பு இல்லை. இந்த வீட்டில் ஒரு குழந்தை இருந்த சுவடே தெரியாமல் அண்ணி பெருக்கித் தள்ளியிருந்தாள்.

“ஸ்நேஹா எங்க அண்ணி?”

திருவான்மியூரில், தன் தங்கை வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னாள் வசுமதி. பீச்சுக்கு அழைத்துப் போகிறார்களாம், குழந்தை குஷியாகப் போனாளாம். பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டே, ரத்னாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஒரு சாயங்காலம்தானே ரத்னா. பிடிச்சுப் போச்சுன்னா அப்புறம் மெதுவா எடுத்துச் சொல்லிக்கலாம்னு உங்கண்ணன் சொல்றாரு.”

“எதை மெதுவா எடுத்துச் சொல்லுவீங்க? எனக்கு ஒரு பொண்ணு இருக்கான்னா? அவ என்ன வியாதியா அண்ணி, மெதுவா எடுத்துச் சொல்றதுக்கு?”

வசுமதி அடுத்த வாழைக்காயை எடுத்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஸ்நேஹாவுக்குத் தினமும் தலை பின்னிவிடுகிறவள் அவள்தான். அதனால்தான் ரத்னாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

திருவான்மியூருக்குப் போன் செய்து, ஆட்டோ வருகிறது, குழந்தையைக் கிளப்பி வையுங்கள் என்றாள். பிறகு தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். ஸ்நேஹாவைத் தினமும் ஸ்கூலுக்கு ஏற்றிப்போகிற குலாம் ரசூல் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

“பாப்பாவ இட்டுக்கினு வரணுமா? இதோ, போன உடனே வந்துர்றேன்” என்று எழுந்தார் அவர்.

தானே கூடப் போயிருக்கலாம். போனால், அதற்குள் அவர்கள் வந்து, தங்கைக்குத் தலைவலி என்று அண்ணன் பூசி மெழுகி, இன்னொரு நாள் குறித்து அனுப்பிவிடுவான். இந்தப் பொய் இன்னொரு வாரம் உயிரோடிருக்கும். அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

கனகராஜ் வந்திருந்தான். யாசிர் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

“நான் எங்கே பொய் சொன்னேன்? அந்தக் கேள்வியை நான் தொடவே இல்ல” என்று அவனே ஆரம்பித்தான்.

“தொடாத கட்டத்துல பதில் இருக்கக் கூடாதுன்னுதானே நான் அன்னைக்கு அந்தக் கத்து கத்தினேன்? ஒருத்தர் பதில் சொல்லலேன்னா, சொல்லலேன்னு தெரியணும். நீ அவங்க வாயில உன் பதிலைத் திணிச்சு வெச்சிருக்கே.”

“ஊருக்கு நியாயம் அப்புறம் பேசு. உனக்கு அந்த அலமாரி தெரியும்ல?”

தெரியும். ஆபீஸில் முதல் கல்யாணத்து ஜாதகங்கள் வெள்ளைக் கவரில், கண்ணுக்கு நேரே உள்ள தட்டில் இருக்கும். மறுமணம் என்றால் மஞ்சள் கவர். அது அடித்தட்டில், குனிந்து எடுக்கவேண்டிய இடத்தில். கனகராஜே ஏற்படுத்திய வழக்கம் அது. வருகிறவர்கள் யாரும் குனிவதில்லை.

“மஞ்சக் கவரைக் கேட்டு வர்றவன் யாருன்னு எனக்குத்தான் தெரியும். சமைச்சுப் போட ஆள் தேடுறவன் வருவான். பேரன் பேத்தி எடுத்தவன் வருவான். அந்தத் தட்டுல என் தங்கச்சியை வெக்க எனக்கு மனசு வரல ரத்னா. முதல்ல உன் முகத்தை ஒருத்தன் பார்க்கட்டும், மத்ததெல்லாம் அப்புறம்னு நெனச்சேன். அது தப்பா?”

அவன் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்று ரத்னாவுக்குத் தெரிந்தது. வேறு நாளாயிருந்தால் அவளும் அழுதிருப்பாள்.

“தப்புதான். என்னை வெள்ளைக் கவர்ல போடறதுக்கு என் பொண்ணைக் கத்தரிக்கோலால வெட்டிட்டே. எனக்கு மஞ்சக் கவரே போதும் அண்ணா. அதுல நாங்க ரெண்டு பேரும் இருப்போம்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாசலில் கார் நின்றது.

சாய்நாத் தன் அம்மாவோடு வந்திருந்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். முன்னந்தலையில் லேசாக வழுக்கை. வந்ததிலிருந்து காலண்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மாதான் பேசினார். வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்றார், கபாலி கோயில் பக்கத்திலேயே இருப்பது எவ்வளவு வசதி என்றார். கனகராஜ் எல்லாவற்றுக்கும் சிரித்தான். வசுமதி கேசரித் தட்டை நீட்டினாள்.

ரத்னா ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போன அதே காட்டன் சுடிதாரில் வந்து எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்த மறு நிமிஷமே சொல்லிவிட்டாள். நீங்கள் பார்த்த குறிப்பு சரியில்லை, எனக்குக் கல்யாணமாகி விவாகரத்தும் ஆகிவிட்டது, ஒண்ணாவது படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள், நீங்கள் வருவதற்காக அவளை இங்கிருந்து அப்புறப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்றாள். நாலு வாக்கியம். எங்கேயும் குரல் உயரவில்லை.

அந்த அம்மா வாயருகே கொண்டுபோன ஸ்பூனைத் தட்டிலேயே வைத்தார். “இது என்ன தம்பி?” என்று கனகராஜைக் கேட்டார்.

“கம்ப்யூட்டர்ல ஏதோ மிஸ்டேக் ஆயிருக்கும்மா. புது சிஸ்டம் பாருங்க, அதுவா ஏதோ...”

ரத்னாவுக்கு அதுவரை இருந்த கோபம் ஒன்று, இது வேறு. தான் எழுதிய புரோகிராமின் தலையில் பழியைப் போட்டுவிட்டுக் கை கழுவப் பார்க்கிறான். ஆள் மாற்றி ஆள், எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். கடைசியில் பொய் சொன்னது யார் என்றால் மேஜைமேல் இருக்கிற ஒரு பெட்டி.

“கம்ப்யூட்டர் ஒரு மிஸ்டேக்கும் பண்ணல. பதில் சொல்லாதவங்களை நிறுத்துன்னு நான் எழுதியிருந்தேன். நிறுத்தாதேன்னு எங்கண்ணன் மாத்தினாரு. அது சொன்னபடி கேட்டுது, அவ்வளவுதான்.”

“அப்போ எங்களை ஏமாத்தியிருக்கீங்க” என்றார் அந்த அம்மா. முகம் சிவந்திருந்தது. “நாங்க என்ன வக்கத்தவங்கன்னு நெனச்சீங்களா? கல்யாணமாகாத பொண்ணுன்னு நம்பித்தானே என் பையன் இவ்வளவு தூரம் வந்தான்?”

“உங்க கோபம் நியாயம்தாம்மா. எனக்கு உங்களைவிட அதிகமா இருக்கு” என்றாள் ரத்னா. பிறகு, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத சாய்நாத்தின் பக்கம் திரும்பினாள். “நீங்க பதிவு பண்ணினது இந்தப் பத்து நாளுக்குள்ளயா?”

“ஆமா. போன செவ்வாய்க்கிழமை” என்றார் அவர்.

“உங்க குறிப்புலயும் ‘ஆகவில்லை’ன்னுதான் இருக்கும். ஆனா அது நீங்க சொன்ன பதிலா, அந்தக் கட்டமே சொன்னதான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குன்னு இல்ல, இந்தப் பத்து நாள்ல வந்த ஒருத்தர் பதிலையும் நான் நம்ப முடியாது. அதனால கேக்கறேன். நீங்க அந்தக் கேள்வியைத் தொட்டீங்களா?”

“என்னம்மா இது, யாரைப் பார்த்து என்ன கேக்கறே?” என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். பையனையும் கையைப் பிடித்து எழுப்பினார்.

சாய்நாத் எழவில்லை. அம்மாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, முதல் தடவையாக ரத்னாவை நேராகப் பார்த்தார். ஏதோ சொல்லத் தொடங்கியவர் மாதிரி உதடு அசைந்தது. “வேண்டாம் சாய்” என்றார் அவருடைய அம்மா. அந்தக் குரலில் இப்போது கோபத்தைவிடப் பயம்தான் அதிகமிருந்தது.

கனகராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பதினைந்து வருஷத் தொழிலில் இப்படிப்பட்ட குரல்களை அவன் நிறையக் கேட்டிருக்கிறான். பம்பாய்க்காரர்கள், பதிவு செய்தவர்கள், திங்கட்கிழமை எல்லாம் சேர்ந்து அவன் நெற்றியில் வியர்வையாகத் துளிர்த்தது.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்நேஹா ஓடி வந்தாள். பாவாடை ஓரமெல்லாம் பீச் மணல், கையில் ஒரு கிளிஞ்சல். கூடத்தில் புது ஆட்களைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள். ரத்னா எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். இவள்தான் என் பொண்ணு என்று அவர்களிடம் சொன்னாள்.

குழந்தை கிட்டே வரவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் ஒப்பிக்கிற கவனத்தோடு, கிளிஞ்சலை மட்டும் நீட்டினாள்.

“ரத்னாக்கா, இது உங்களுக்கு.”

சமையலறை வாசலில் வசுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே ஒரு நாளைக்குத்தான் என்று நேற்று ராத்திரி தலை பின்னிவிடும்போது அவள் எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாளோ, குழந்தை அத்தனையையும் சமர்த்தாகப் பிடித்துவைத்திருந்தது.

ரத்னா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். “அம்மான்னு கூப்பிடுடா கண்ணா” என்றாள்.

ஸ்நேஹா அவளைப் பார்க்கவில்லை. கூப்பிடலாமா என்று கேட்கிற மாதிரி, அத்தை வசுமதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.